கிளை அலுவலகம்

எங்கள் குடும்பத்தில் யாரும் தெருவில் நின்றது கிடையாது. நடந்திருக்கிறோம், ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்காக. என் அப்பா வழியில் தெரிந்தவரைப் பார்த்துவிட்டால்கூட நிற்க மாட்டார். எதிரில் வந்தவர்தான் திரும்பி அவரோடு நடக்க வேண்டும். பேச்சு நீண்டுவிட்டால் அந்த ஆள் எங்கள் வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். நானும் அப்படித்தான்.

முப்பத்து நான்கு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைகளில் உள்ள தராசையும் எடைக்கல்லையும் வருடத்துக்கு ஒருமுறை சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது என் வேலை. சரியில்லாத கல்லில் குத்தச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. குத்தியது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு இது வேண்டியிருக்கிறது.

எங்கள் தெரு முடியும் மூலையில் ஒரு கட்டடம் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஏதோ கம்பெனி இருந்தது. பெயர்ப்பலகையில் கம்பெனியின் பெயர் எழுத்தெழுத்தாக உதிர்ந்து, அடியில் இருந்த ‘கிளை அலுவலகம்’ என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் மிச்சம். இரும்புக் கதவுக்கு முன்னால் ஐந்து படிகள். அந்தப் படிகளில் காலையிலிருந்து இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் அந்த வழியாகப் போனபோது ஒருவன் நடைபாதையில் காலை நீட்டியிருந்தான். இது பொதுவழி என்று சொன்னேன். அவன் காலை மடக்கிக்கொண்டு, “பெருசு, தாராளமா போங்க” என்றான்.

‘போங்க’ என்று மரியாதையாகத்தான் சொன்னான். அதை மறைக்கக் கூடாது. ஆனால் ‘பெருசு’ என்றான். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். வேறு எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் பூங்காவைச் சுற்றிக்கொண்டு போகிறேன். நானூறு மீட்டர் கூடுதல். மரியாதைக்கு அது பெரிய தூரமில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெண், ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இளையவன் பையன், வயது இருபத்து நான்கு. வாடிக்கையாளர்களின் குறைகளைப் போனில் கேட்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். ஐந்தாவது மாதம் விட்டுவிட்டு வந்து நின்றான். காரணம் கேட்டேன். போனை எடுத்ததும் வேறு ஒரு பெயரைத் தன் பெயராகச் சொல்லச் சொல்கிறார்களாம். பெயரில் என்ன இருக்கிறது, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன் பெயர்தானே என்றேன்.

“நீங்க தப்பான கல்லுல முத்திரை குத்துவீங்களாப்பா?” என்று கேட்டான்.

“அதுவும் இதுவும் ஒண்ணா?”

“ஒண்ணுதான்.”

அத்தோடு எங்கள் பேச்சு நின்றது. பதினோரு மாதம். சண்டை எதுவும் இல்லை. அவனிடம் சொல்ல வேண்டியதை என் மனைவியிடம் சொல்வேன். அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். “மின்விசிறியைக் குறைக்கச் சொல்லு” என்பேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து குறைத்துவிடுவான். குறைத்துவிட்டதாக அவள் என்னிடம் சொல்வாள். ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

நான்காவது மாதம், ஒரு திங்கள்கிழமை காலை, தேய்த்த சட்டையோடு அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “ஆபீஸ் போறேன்மா” என்றான். நான் செய்தித்தாளைக் கீழே இறக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன்பின் தினமும் ஒன்பது பத்துக்குக் கிளம்பினான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வந்தான். மறுபடி போய் ஆறு மணிக்குத் திரும்பினான். போனில் பேசும்போது, “ஆபீஸ்ல இருக்கேன்”, “மேனேஜர் பக்கத்துல இருக்கார்”, “கிளைக்கு வந்துடு” என்றெல்லாம் காதில் விழுந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே கிளை அலுவலகம், நடந்தே போகிறான், மேனேஜரிடம் நல்ல பெயர் என்று புரிந்துகொண்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. கேட்டால் பேசியதாகிவிடும்.

இந்த நிலையில்தான் பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவளும் அவரும் மருத்துவமனை லிஃப்டில் பழகியவர்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிகள் எத்தனை மணிக்கு வெளியே போயின, எத்தனை மணிக்கு உள்ளே வந்தன என்று எழுதுவதே அவர் வாழ்நாள் வேலை. நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று ஐம்பத்தெட்டுக்கு வாசலில் நின்று, நான்கு அடித்ததும் அழைப்பு மணியை அழுத்தினார். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

பெண்ணின் தம்பி என்ன செய்கிறான் என்று அவர் கேட்டார்.

“ஆபீஸ்ல இருக்கான் சார்” என்றேன். “பக்கத்துலதான், கிளை அலுவலகம். மேனேஜருக்கு இவன் இல்லாம ஓடாது.”

சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. என் பெண் தரையைப் பார்த்தாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு, ஒருநாள் அந்தப் பக்கம் வரும்போது தம்பியையும் எட்டிப் பார்க்கிறேன் என்றார். அவசியம் பாருங்கள் என்றேன். ஐந்து மணிக்குக் கிளம்புவதாகச் சொன்னவர் இரண்டு நிமிடம் முன்னதாகவே விடைபெற்றுக்கொண்டு போனார்.

அவர் போனதும் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். பகல் வேளையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“எந்த ஆபீஸ்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?” என்றாள்.

கிளை அலுவலகம் என்றேன்.

“மூலையில பூட்டிக் கிடக்கே, அந்தக் கட்டடத்துப் படிங்க. பசங்க அதைத்தான் ஆபீஸ்னு சொல்றாங்க. வேலை கிடைக்கிற வரைக்கும் அங்கதான் உட்கார்ந்திருக்கான்.”

மேனேஜர்?

“மூணாவது வீட்டு டிரைவர் மகன். தினமும் முதல்ல வந்து உட்கார்றதால அந்தப் பேரு.”

தெருவுக்கே இது தெரியும் என்றாள். எனக்கும் தெரியும், தெரிந்தும் பெரிய மனதோடு விட்டுவிட்டேன் என்று இத்தனை நாள் நினைத்து, உள்ளுக்குள் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தாளாம். ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன்.

“நீங்க கேக்கலையே” என்றாள்.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. ஆய்வாளரே தவறாக முத்திரை குத்திவிட்டால், தெரிந்த உடனே அதை அவரே போய் அழிக்க வேண்டும். கடைக்காரன் கொண்டுவரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. என் சேவைக்காலத்தில் அப்படி ஒன்று நேர்ந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு நேர்ந்தது. பெண் கேட்டு வந்த மனிதரிடம் பொய் சொல்லிவிட்டேன். அவரே கண்டுபிடித்தால் கல்யாணம் நிற்கும். நானே போய்ச் சொன்னாலும் நிற்கலாம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி நிற்பதில்லை.

கடிதமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் எழுதினேன். ‘படி’ என்று எழுதினால் ஏதோ படிக்கிறான் என்று பொருள் வருகிறது. ‘திண்டாட்டம்’ என்று எழுதினால் கெஞ்சுவது போலிருக்கிறது. நான்காவது கடிதத்தைக் கிழித்தபோது என் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நேர்ல போங்கப்பா” என்றாள். “லெட்டர் போட்டா நீங்க பயந்துட்டீங்கன்னு நினைப்பாங்க. இது நின்னுபோனா நான் உங்க மேல கோபப்பட மாட்டேன். ஆனா வேற யாரையும் பாக்க என்னைக் கூப்பிடாதீங்க.”

அவள் குரல் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வது போலவே இருந்தது. அவளுக்கு அந்த லிஃப்டுக்காரரை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. சின்னவன் ஒன்பது பத்துக்கு ஆபீஸ் கிளம்பினான். நான் ஒன்பது பன்னிரண்டுக்குக் கிளம்பினேன். நேரக்காப்பாளர் வீட்டுக்குப் பேருந்து ஒன்பதே முக்காலுக்கு. பூங்காவைச் சுற்றிப் போக நேரம் இருந்தது. இருந்தும் நேர்த் தெருவிலேயே நடந்தேன். திருத்தப் போகிறவன் எதைத் திருத்துகிறோம் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அந்தப் படிகளுக்கு எதிர்ப்பக்கத்தில், துணிக்கடைக்குச் சரக்கு இறக்கும் வேன் ஒன்று நின்றது. ஒளிந்து நிற்பது என் பழக்கமில்லை. நான் சாதாரணமாகத்தான் நின்றேன். எனக்கு முன்னால் வேன் இருந்தது என் குற்றமில்லை.

நான்கு இளைஞர்கள் இருந்தார்கள். மேல்படியில் மேனேஜர், பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மடியில் வைத்திருந்தான். அதில் அவர்கள் எல்லோருடைய சான்றிதழ் நகல்களும், ஒரே ஒரு கழுத்துப்பட்டையும் இருந்தன. யாருக்கு நேர்முகத் தேர்வு வருகிறதோ அவன் அதைக் கட்டிக்கொண்டு போய்விட்டு, வந்து கோப்பில் வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இது எனக்குப் பிறகு தெரிந்தது. மூன்றாவது படியில் கண்ணாடி போட்ட ஒருவன். எல்லாவற்றையும் குறுக்குக் கேள்வி கேட்பதால் ஆடிட்டர். அவன் பக்கத்தில் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருவன். கீழ்ப்படியில் என் மகன். கசங்காத சட்டை, நேரான முதுகு. அவன் காலை நீட்டியிருக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

இரண்டாவது படியில், கைக்குட்டையை விரித்து, அதன்மேல் நேரக்காப்பாளர் உட்கார்ந்திருந்தார்.

அவர் அங்கே வந்தது அது மூன்றாவது நாள். செவ்வாய்க்கிழமை வந்து, நடந்து போகும் தூரத்தில் ‘கிளை அலுவலகம்’ என்று பலகை உள்ள ஒரே கட்டடத்தைக் கண்டுபிடித்து, கதவு பூட்டியிருந்ததால் பத்து மணிக்குத் திறப்பார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார். பத்துக்குத் திறக்கவில்லை. பதினொன்றுக்கும் திறக்கவில்லை. தவறாமல் புதன்கிழமையும் வந்திருக்கிறார். இளைஞர்கள் அவருக்கு நிழலான இடம் கொடுத்து, ‘டைம் ஆபீஸ்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். என் மகனை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரை என் மகன் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த அன்று இவன் ஆபீசில் இருந்தான்.

“ஏன் தம்பி, மூணு நாளா பாக்குறேன்” என்றார் அவர். “இந்த ஆபீஸ் எத்தனை மணிக்குத்தான் திறப்பாங்க?”

“திறந்துதான் சார் இருக்கு” என்றான் ஆடிட்டர். “நீங்க உட்கார்ந்திருக்கிறது டிஸ்பாட்ச் செக்ஷன்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“விளையாட்டுக்குக் கேக்கலைப்பா. பொண்ணு எடுக்கிற விஷயம். பொண்ணோட தம்பி இந்தக் கிளை ஆபீஸ்ல வேலை பாக்கிறதா அவங்க அப்பா சொன்னார். முத்திரை ஆய்வாளரா இருந்தவர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

யாரும் என் மகனைப் பார்க்கவில்லை. மூன்று பேர் ஒரே சமயத்தில் ஒருவனைப் பார்க்காமல் இருப்பது தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

மேனேஜர்தான் முதலில் சுதாரித்தான். “ஓ, அவரா சார். தங்கமான மனுஷன். வேலைன்னு வந்தா புலி. இப்ப டூர் போயிருக்கார்.”

“ஹெட் ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க” என்றான் ஆடிட்டர். “அவர் வந்தாத்தான் சாவியே வரும்.”

பொய் அழகாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வேனுக்குப் பின்னால் இருந்தபடியே வீடு திரும்பினால் போதும், என் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும். இதை நான் யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியவில்லை. என்னிடம் கைக்கடிகாரம் இல்லை.

“மேனேஜர், போதும்டா” என்றான் என் மகன். எழுந்து நின்றான். “அந்தப் பையன் நான்தான் சார். எனக்கு வேலை இல்லை. ஆபீஸ்னு நாங்க சொல்றது இந்தப் படியைத்தான்.”

நேரக்காப்பாளர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“அப்ப உங்கப்பா சொன்னது?”

“எங்கப்பாவுக்குப் பொய் சொல்ல வராது சார். நான் ஆபீஸ் போறேன்னு சொன்னதை நம்பிட்டார்.”

“நீ விவரமா சொல்லியிருக்கலாமே.”

“நாங்க பேசிக்கிறதில்லை.”

“வேலை இல்லைன்னா இதை எதுக்கு ஆபீஸ்ங்கிறீங்க?”

என் மகன் பெயர்ப்பலகையைக் காட்டினான். “எங்கே இருக்கேன்னு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேக்குறாங்க சார். சொல்றதுக்கு ஒரு இடம் வேணும்.”

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

“அக்காவை வேணாம்னு சொல்லிடாதீங்கன்னு நான் கேக்க மாட்டேன்” என்றான் என் மகன். “அது உங்க வீட்டு முடிவு. அப்பா பொய் சொன்னார்னு மட்டும் எங்கேயும் சொல்லாதீங்க. அவர் அப்படி ஆள் இல்லை.”

அப்போது வேன் கிளம்பிவிட்டது.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதன் நிற்பதை ஐந்து பேரும் பார்த்தார்கள். அந்த மனிதன் நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தெருவில் நின்றவன் யார் என்றால் அதுவும் நான்தான். வேறு வழியில்லாமல் தெருவைக் கடந்து படிக்கு முன்னால் போனேன்.

“சார், நான் உங்ககிட்ட சொன்னது தப்பு” என்றேன். “விசாரிக்காம சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் உங்க வீட்டுக்குக் கிளம்பினேன்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?”

“ஒன்பது பன்னிரண்டு.”

“உங்க வீட்டுலேர்ந்து இங்கே அஞ்சு நிமிஷம். இப்ப ஒன்பது முப்பத்தொண்ணு. பதினாலு நிமிஷம் வேனுக்குப் பின்னாடி.”

“ஆமா” என்றேன்.

அவர் எழுந்து, கைக்குட்டையை உதறி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவசரமே படவில்லை. என் மகன் பக்கம் திரும்பினார்.

“செவ்வாய் ஒன்பது பதினஞ்சு. புதன் ஒன்பது பதினஞ்சு. இன்னிக்கு ஒன்பது பதினாலு” என்றார். “டிப்போவுல சம்பளம் வாங்கினவன் எவனும் மூணு நாள் சேர்ந்தாப்பல எனக்கு இப்படி வந்ததில்லை. பூட்டின கதவுக்கே இப்படி வர்றவன், திறந்த கதவு கிடைச்சா எப்படி வருவான்னு பாக்கணும்.”

பிறகு என்னைப் பார்த்தார். என் தோற்றத்திலோ சட்டையிலோ எதையோ சரிபார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார். நான் முதுகை வளைக்கவில்லை.

“வரேன் சம்பந்தி” என்றார். “உங்க பஸ் ஒன்பதே முக்காலுக்கு. இனி அதுக்கு வேலை இல்லை.”

அதுவரை என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மூலை திரும்பிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

படியில் நான்கு பேரும் நானும் மிச்சமிருந்தோம். இளைஞர்கள் மூன்று பேரும் எழுந்து நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் பாதியில் இருந்தார்கள். எனக்கு மகனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. மனைவி வீட்டில் இருந்தாள்.

மேனேஜரைப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன்னால் காலை நீட்டியிருந்தவன் அவன்தான்.

“தம்பி, அவன் பேர் விஷயமா அன்னிக்குச் சொன்னானே, அது ஒண்ணுதான்னு அவன்கிட்ட சொல்லு” என்றேன்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் பொறுப்பான பையன். கைக்கெட்டும் தூரத்தில் நின்றவனிடம் திரும்பி, “அது ஒண்ணுதானாம்டா” என்றான்.

என் மகன் படியையே பார்த்துக்கொண்டிருந்தான். “சரின்னு சொல்லு” என்றான்.

“சரிங்கிறான் சார்.”

“மதியம் ஒரு மணிக்கு அவனோட சேர்ந்து சாப்பிடறேன்னு சொல்லு.”

சொன்னான். பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நான்காவது பையன்கூடத் தலையைத் தூக்கிவிட்டான்.

“பன்னிரண்டு ஐம்பதுக்கே வந்துடறேன்பா” என்றான் என் மகன். நேராக என்னிடம்.

கல்யாணத் தேதியை அடுத்த வாரமே குறித்துவிட்டார்கள். சின்னவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தான், கழுத்துப்பட்டையைத் திரும்பக் கோப்பில் வைத்துவிட்டான். யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், வேலை தேடுகிறான், ஒன்பது பதினைந்துக்குத் தேடத் தொடங்குகிறான் என்று சொல்கிறேன். இந்த எடையில் பிழை கிடையாது.

பூங்காவைச் சுற்றுவதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அந்தப் படிகளைத் தாண்டித்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறேன். நான் நிற்பதில்லை. ஆனால் கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன். நான் தூரத்தில் வரும்போதே அவர்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, கால்களை மடக்கி, நிமிர்ந்து உட்கார்கிறார்கள். எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ‘பெருசு’ இல்லை என்பதும் தெரிந்தது. இரண்டு வாரம் கேட்காமல் இருந்து பார்த்தேன். கேட்காமல் இருந்ததால் வந்ததெல்லாம் நினைவுக்கு வரவே, மூன்றாவது வாரம் ஆடிட்டரிடம் நேராகவே கேட்டேன்.

அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் என் மகனைப் பார்த்தான். என் மகன் தெருவைப் பார்த்தான்.

“ஹெட் ஆபீஸ் சார்” என்றான் ஆடிட்டர்.

யோசித்துப் பார்த்தேன். ஆட்சேபிக்க அதில் எதுவும் தென்படவில்லை. மேல்படியில் ஓரமாக யாரோ விட்டிருந்த காகிதத்தை எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, நடந்தேன்.